மேக்காத்துல பிக்கப் ஓட்டுதவங்களுக்கு டீசல் மிச்சம்

(காட்சி: காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழி ரோடு. ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துது.)

வணக்கம் அண்ணாச்சி. ஆனி, ஆடியில களக்காட்டு வாழைத்தார ஏத்திக்கிட்டு நாகர்கோவில் போற பிக்கப்காரங்க புலம்பல் ஒண்ணுதான்: “போகும்போது டீசல் குடிக்கு, வரும்போது குடிக்கல.” லோடு ஒரு காரணம், சரி. ஆனா முப்பந்தல்ல இத்தனை காத்தாடிய எதுக்கு நட்டிருக்காங்க? கணவாய் வழியா வார மேக்காத்து உங்க கேபின் நெத்தியிலதான் மோதுது.

காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். நீங்க 60-ல போறிய, எதிர்க்காத்து 20-ல வருதுன்னா, வண்டிக்கு அது 80 காத்து. எதிர்ப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு. இஞ்சின்ல ஒரு கோளாறும் இருக்காது.

(காட்சி: தார்பாய் கயிறு, கிட்டத்துல.)

இந்த மூலையப் பாருங்க. கயிறு லூசு. 50-ஐத் தாண்டினதும் படபடன்னு அடிக்குல்லா, அந்தச் சத்தம் பூரா உங்க டீசல். கொக்கிக்குக் கொக்கி இழுத்து, முன்பக்கத்து ஓரத்த உள்ள மடிச்சுக் கட்டுங்க. கேபின் கூரைக்கு மேல நிக்குத சரக்குதான் காத்துக்குச் சுவரு. அதனால தாரை முன்னால உசத்தி அடுக்காம, பரத்தி அடுக்குங்க. திரும்புகாலுல வண்டி காலிதான? தார்பாய மடிச்சு வச்சிருங்க. கழட்டுத மாதிரி கம்பி அடைப்புன்னா அதையும் கழட்டிருங்க. நெறைய பேரு செய்யுததில்ல, சோம்பல்தான்.

கேபின் மேல சரிவா ஒரு தகடு வைக்கலாமான்னு கேக்காங்க. சரக்கு உசரமா இருந்தா உதவும். காலியா வரும்போது அதுவே பாரம். வெல்டிங் வச்சு நிரந்தரமா மாத்தாதிய. ஆர்.சி.ல இருக்குத விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்லுது. எஃப்.சி.க்கு, அதாவது வண்டித் தகுதிச் சான்றுக்குப் போகும்போது தலைவலி.

பின் கதவத் திறந்துவிட்டா காத்து வெளியேறி மைலேஜ் கூடும்னு ஒரு நம்பிக்கை. தாழ்ந்த பாடி பிக்கப்புல உள்ளதச் சொல்லுதேன். கதவு மூடியிருந்தா தொட்டிக்குள்ள காத்து சுழிச்சுக்கிட்டு கிடக்கும், மேல வார காத்து அதுமேல வழுக்கிப் போயிரும். திறந்தா அந்தச் சுழி கலைஞ்சு இழுப்பு கூடத்தான் செய்யும்.

டயர் காத்து, காலையில வண்டி எடுக்கதுக்கு முன்னால பாருங்க. சூட்டுல பாத்தா கேஜ் கூடுதலாக் காட்டும். பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுதான்னு தெரியணுமா? ஜாக்கி வச்சு சக்கரத்தக் கையால சுத்துங்க, லேசா சுத்தணும். அவ்வளவுதான்.

எதச் செஞ்சாலும் கணக்கு வேணும். ஃபுல் டேங்க் அடிச்சு கிலோமீட்டரக் குறிங்க. ஓட்டுங்க. அதே பங்குல, அதே பம்புல திரும்ப ஃபுல் அடிங்க. 412 கிலோமீட்டர் ஓடி 29.4 லிட்டர் பிடிச்சா, லிட்டருக்கு 14. ஒரே நேரத்துல நாலு மாத்தம் செஞ்சா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. ஒரு டேங்க் கணக்க வச்சும் முடிவு கட்டாதிய. காத்து ஒருநாப்போல ஒருநா அடிக்காது.

(காட்சி: உள்ளங்கையில கருப்புக் காந்தம்.)

இது டீசல் பைப்புல மாட்டுதது. மைலேஜ் கூடும்னு சொன்னத நம்பி நானும் ஏமாந்து வாங்கினேன். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூத்துக்கும் மேல இப்படிக் கருவிகளச் சோதிச்சுப் பாத்துது, பெரும்பாலும் ஒண்ணும் தேறல. என் கணக்கு நோட்டுலயும் ஒரு வித்தியாசமும் இல்ல. இப்ப வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல கரண்டு பில்லைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.