முட்டையும் விரால் மீனும்: புரதம் உடலுக்குள் போகும் வழி

அவைத்தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையில் இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, இளையோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோப்பிக் கடையில் காயா ரொட்டியுடன் வரும் அரைவேக்காட்டு முட்டையிலிருந்து தொடங்குகிறேன். கிண்ணத்தில் உடைத்து ஊற்றியதும் அந்த வெண்கருவைக் கவனித்துப் பாருங்கள். ஓரிடத்தில் கண்ணாடிபோல் வழுவழுவென்று ஓடும். இன்னோரிடத்தில் பால்போல் வெளுத்துத் திரண்டிருக்கும். நூற்கண்டாகச் சுருண்டிருந்த புரத இழைகள் சூட்டில் அவிழ்ந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதால் வந்த வெண்மை அது. இதே அவிழ்ப்பு வேலையை நம் இரைப்பை சூட்டின்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொண்டு செய்கிறது. அவிழ்ந்த இழையைத்தான் பெப்சின் என்னும் நொதி எளிதாக வெட்டும். அந்த நொதியை 1836இல் கண்டறிந்தவர் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தம்பிமார் சிலர் பச்சை முட்டையை அப்படியே குடித்தால்தான் முழுச்சத்தும் சேரும் என்று நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. 1998இல் பெல்ஜியத்தில் வெளியான ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 91 விழுக்காடு செரித்தது. பச்சை முட்டையில் செரித்தது ஏறத்தாழ 51 விழுக்காடுதான். ஐந்தே பேரிடம் செய்த சிறிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் காரணம் தெளிவானது: வேகாத வெண்கருவில், செரிமான நொதியான டிரிப்சினையே தடுக்கும் புரதங்கள் உள்ளன, வெந்தால் அவற்றின் வலு பெரிதும் குறைந்துவிடும்.

இரைப்பையோடு வேலை முடிந்துவிடுவதாகப் பலரும் எண்ணுகிறோம். பெரும்பகுதி வேலை நடப்பது சிறுகுடலில்தான். கணையம் டிரிப்சினை உறங்கும் நிலையில்தான் அனுப்புகிறது. சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் வேறொரு நொதி அதைத் தட்டி எழுப்புகிறது. இந்த ஏற்பாடு இல்லையென்றால் கணையம் தன்னையே அரித்துக்கொள்ளும். கணைய அழற்சியின் கொடுமையான வலி, அந்த நொதிகள் கணையத்துக்குள்ளேயே முன்கூட்டி விழித்துக்கொள்வதால் வருவது.

இப்படி நறுக்கப்பட்ட துண்டுகள், புரத இழையின் ஒற்றைக் கண்ணியான அமினோ அமிலமாகத் தனித்தனியே பிரிந்துதான் குடற்சுவரைக் கடக்கும் என்று நான் படித்த பள்ளிப் பாடநூல் சொன்னது. அது பாதி உண்மைதான். இரண்டும் மூன்றுமாக இணைந்த துண்டுகளையும் உள்ளே ஏற்றிச் செல்லத் தனி வாயில் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை குடற்செல்லுக்குள் வந்தபின் தனித்தனி அமிலங்களாகப் பிரிந்து, கல்லீரலை நோக்கிச் செல்லும் இரத்தத்தில் கலக்கின்றன. குடல் வேற்றுமை பார்ப்பதில்லை. உதிர்ந்த தன் செல்களையும், வேலை முடிந்த தன் நொதிகளையும்கூட அது உணவைப் போலவே செரித்து உள்ளே எடுத்துக்கொள்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடை அலமாரியில் அழகாக அடுக்கியிருக்கும், தோலில் உள்ள புரதமான கொலாஜன் புட்டிகளைப் பாருங்கள். குடித்த கொலாஜன் முகத்துக்குப் போய் அப்படியே ஒட்டிக்கொள்வதில்லை. சில சிறு துண்டுகள் முழுதும் உடையாமல் இரத்தத்தில் தென்படுவது உண்மைதான். ஆனால் பெரும்பகுதி மற்ற எந்தப் புரதத்தையும் போலப் பொதுக் கையிருப்பில் சேர்ந்துவிடும். போதாததற்கு, உடலுக்கு இன்றியமையாத ஒன்பது அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் கிடையாது.

ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் புரதம் உண்டால் மிஞ்சியது வீண் என்பது இன்னொரு பேச்சு. நெதர்லாந்தில் 2023இல் வெளியான ஆய்வில், உடற்பயிற்சிக்குப்பின் ஒரே முறையில் 100 கிராம் பால் புரதம் அருந்தியவர்களின் உடல், 25 கிராம் அருந்தியவர்களுடையதைவிடக் கூடுதலாகவும் நெடுநேரமும் அதைப் பயன்படுத்திக்கொண்டது. குடலுக்கு அவசரமில்லை, வந்ததை மணிக்கணக்கில் வைத்துச் செரிக்கும். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்; அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சோற்றில் குறையும் லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது என்பது சரி. இரண்டும் ஒரே தட்டில் இருந்தாக வேண்டும் என்பதுதான் தவறு. காலையில் இட்லி, மாலையில் தௌகுவா எனும் சோயாக்கட்டி என்று அந்த நாளுக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

இறுதியாக, அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு நம் ஊரில் தேடித்தேடி வாங்கிக் கொடுக்கும் விரால் மீன் சூப். என் தாயாருக்கும் தேக்கா சந்தையில் வாங்கி வந்து வைத்துக் கொடுத்தோம். புண் ஆற அமினோ அமிலங்கள் தேவை; அவை விராலிலும் உண்டு, கோழியிலும் உண்டு, முட்டையிலும் உண்டு. அம்மா சாற்றை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, “சக்கை எனக்கெதற்கு?” என்று சதையைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தார். புரதத்தில் பெரும்பங்கு அந்தத் தட்டோரத்தில்தான் கிடந்தது.