3,000 பேருக்கு ஒரு நர்ஸம்மா: நீலகிரியில் அந்தக் கணக்கு

(காட்சி: பனி மூடிய தேயிலைச் சரிவு. ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் ஏறுகிறார். தோளில் தடுப்பூசிப் பெட்டி.)

வணக்கம். இவர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கூடலூர் பக்கம் இரண்டு குடியிருப்புகளில் இன்று குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டும். ஜீப் வரும் பாதை முடிந்துவிட்டது, இனி நடைதான்.

அரசு விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் (இப்படி ஒரு நர்ஸம்மா வேலை பார்க்கும் இடம்), மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. நல்ல சலுகைதானே என்று தோன்றும். ஆனால் தஞ்சாவூர் பக்கம் அந்த 5,000 பேர் இரண்டு மூன்று ஊர்களில் அடங்கிவிடுவார்கள், வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். இங்கே 3,000 பேர் என்றால் ஹட்டி எனப்படும் படுகர் ஊர் ஒன்று, தேயிலைத் தொழிலாளர்களின் எஸ்டேட் லைன் வீடுகள் நாலைந்து, காட்டோரத்தில் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடிகளின் குடியிருப்புகள், இடையிடையே ஓடை, பள்ளம், யானை வரும் வழி. மலையில் டாக்டர் இல்லை என்பதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டால், முதல் கோளாறு இந்தத் தலைக்கணக்கில் இருக்கிறது.

(காட்சி: பெட்டி, மிக அருகில்.)

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது நமக்குத் தெரியும். குழந்தைகளுக்கு ஐந்து நோய்களைத் தடுக்கப் போடும் பென்டாவேலன்ட் மாதிரி சில மருந்துகள் உறைந்தாலும் கெட்டுவிடும். அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதருகே பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும் ஜனவரிக் காலையில், அந்தச் சத்தம் கேட்க எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

தட்டம்மை-ரூபெல்லா மருந்தில் இன்னொரு சங்கடம். பொடியைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்ததைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்ததற்கே இரண்டு மணி நேர நடை என்றால்?

(காட்சி: லைன் வீட்டு வாசல். தலையில் துண்டு கட்டிய பெண்மணி.)

அப்புறம் கூலி. இலை பறிக்கும் நேரமும் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரமும் ஒன்றுதான். பிரஷர் மாத்திரை வாங்கப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவது இவருக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அரிவாள் செல் சோகையையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும். எலும்புக்குள் தாங்க முடியாத வலி வரும். குளிர் அதைத் தூண்டும், இவர்கள் வாழ்வதோ குளிரில். தினமும் மாத்திரை வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்வந்தால் தீர்கிற நோய் இல்லை இது. மாதாமாதம் யாராவது வந்து "மாத்திரை இருக்கா?" என்று கேட்க வேண்டும். அதையும் அவர்கள் மொழியில் கேட்டால்தான் பதில் வரும். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை ஆதிவாசிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்தது அதனால்தான் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

2025இல் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் மசினகுடியிலிருந்து அங்கே போக கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். பிரசவ வலியோடு, ராத்திரியில். முன்கூட்டியே வந்து தங்கிக்கொள்ளச் சில இடங்களில் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. சரி, வீட்டில் இருக்கிற மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது? கூட வந்து தங்குபவரின் கூலியை யார் தருவது? அதைக் கொடுத்தால் அறை நிறையும் என்று நான் நம்புகிறேன்.

(காட்சி: குடியிருப்பு. மரநிழலில் பெட்டி திறக்கப்படுகிறது.)

நர்ஸம்மா வந்து சேர்ந்துவிட்டார். பட்டியலில் நான்கு குழந்தைகள், வந்திருப்பது மூன்று. நாலாவது குழந்தையின் அம்மா மிளகு பறிக்க வயநாடு போயிருக்கிறார், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. அவர் எப்போது திரும்புவார் என்று பாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். அந்த ஒரு பிள்ளைக்காக இதே பாதையில் மறுபடியும் ஏறி வர வேண்டும்.