கியூபாவுக்காக மூண்ட போர் குவாமுக்கு ஏன் போனது?

[திரையில்: பசிபிக் கடல் நடுவே ஒரு புள்ளி. குவாம், 1898 ஜூன் 20]

சார்ல்ஸ்டன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்பெயின் ஆண்ட குவாம் தீவின் துறைமுகத்துக்குள் நுழைகிறது. கரையிலிருந்த பழைய கோட்டையை நோக்கிச் சில குண்டுகளைச் சுடுகிறது. பதிலுக்கு ஒன்றுகூட வரவில்லை. சற்று நேரத்தில் ஸ்பானிய அதிகாரிகள் படகேறி வருகிறார்கள். உங்கள் பீரங்கி மரியாதைக்குப் பதில் மரியாதை செய்ய எங்களிடம் வெடிமருந்து இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்! அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டு இரண்டு மாதமாகியும் அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. மறுநாள் தீவு கைமாறிவிட்டது.

சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது கியூபாவின் பெயரால் தொடங்கிய போர். கியூபாவோ ஃபுளோரிடாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பூமியின் மறுபக்கத்தில் அந்தக் கப்பலுக்கு என்ன வேலை?

[திரையில்: ஹவானா துறைமுகம்]

1895 முதல் கியூபர்கள் ஸ்பெயினை எதிர்த்துப் போராடி வந்தார்கள். கிராமத்தவர்களை ஸ்பானியப் படை முகாம்களில் அடைத்தது. பசியிலும் நோயிலும் அவர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். இந்த நிலையில் 1898 பிப்ரவரி 15 இரவு, ஹவானாவில் நின்ற மெய்ன் என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்தது. 260க்கும் மேற்பட்டோர் பலி. ஸ்பெயின்தான் குற்றவாளி என்று நியூயார்க் பத்திரிகைகள் தீர்ப்பே எழுதிவிட்டன. 1976இல் வெளிவந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வோ, கப்பலின் நிலக்கரி அறையில் பற்றிய தீயே காரணமாக இருக்கலாம் என்றது.

ஏப்ரலில் போர். கியூபாவை எங்களோடு இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் வாக்குக் கொடுத்தது. நல்ல வாக்குத்தான். ஆனால் அதில் கியூபாவின் பெயர் மட்டுமே இருந்தது.

அந்த நிலக்கரியை மறந்துவிடாதீர்கள். கரி இல்லாவிட்டால் அன்றைய போர்க்கப்பல் வெறும் இரும்பு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சீனச் சந்தைக்குப் போக வேண்டுமானால் நடுவழியில் கரி ஏற்றத் துறைமுகங்கள் வேண்டும். வரைபடத்தில் விரலை ஓட்டுங்கள்: ஹவாய், குவாம், மணிலா. ஹவாய்க்கும் ஸ்பெயினுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் போரின் சூட்டோடு சூடாக, அந்த ஜூலையிலேயே அதையும் இணைத்துக்கொண்டார்கள்.

[திரையில்: மணிலா]

உண்மையான கதை இங்கேதான். மே 1 அன்று அமெரிக்கத் தளபதி டியூவி, ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படையை ஒரே காலையில் அழித்தார். ஹாங்காங்கில் இருந்த பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோவை அமெரிக்கக் கப்பலே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஜூன் 12 அன்று அவர் விடுதலையை அறிவித்தார். அவருடைய வீரர்கள் மணிலாவைச் சுற்றி வளைத்து நின்றார்கள்.

நகருக்குள் ஸ்பானிய ஆளுநருக்குத் தோல்வி நிச்சயம். ஆனால் தாம் ஆண்ட மக்களிடம் சரணடைய மனம் ஒப்பவில்லை. எனவே பெல்ஜிய தூதர் வழியாக ஓர் ஏற்பாடு: அமெரிக்கர்கள் சுடுவதுபோல் சுட வேண்டும், ஸ்பானியர்கள் எதிர்ப்பதுபோல் எதிர்த்துவிட்டுச் சரணடைவார்கள், பிலிப்பினோ வீரர்களை உள்ளே விடக் கூடாது. ஆகஸ்ட் 13 அன்று இந்தப் போர் நாடகம் அரங்கேறியது. நாடகத்திலும் சிலர் நிஜமாகவே செத்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே வாஷிங்டனில் போர்நிறுத்தம் கையெழுத்தாகியிருந்தது. தந்திக் கம்பியை டியூவியே முன்பு வெட்டிவிட்டதால் செய்தி வரவில்லை.

டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை. பிலிப்பைன்ஸுக்கு விலை 2 கோடி டாலர். நியாயம் கேட்கப் போன பிலிப்பைன்ஸ் பிரதிநிதி அகோன்சில்லோவுக்குப் பேச்சுவார்த்தையில் இடம் தரவில்லை. விற்றவரும் வாங்கியவரும் மட்டும் பேசினால் போதும் என்று நினைத்தார்கள் போலும்.

அமெரிக்கச் செனட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1899 பிப்ரவரி 6 அன்று 57க்கு 27 என்று உடன்படிக்கை தேறியது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பதால், தேவைக்கு மேல் கிடைத்தது ஒரே ஒரு வாக்கு. அதற்கு இரண்டு நாள் முன்பே மணிலாவில் அமெரிக்கர்களுக்கும் பிலிப்பினோக்களுக்கும் இடையே துப்பாக்கி வெடித்துவிட்டது.

ஸ்பெயினோடு நடந்தது நான்கு மாதம்கூட இல்லை. பிலிப்பினோக்களோடு நடந்தது மூன்று ஆண்டுக்கும் மேல். 4,200க்கும் அதிகமான அமெரிக்கர்களும் 20,000க்கும் அதிகமான பிலிப்பினோ வீரர்களும் மாண்டார்கள். வன்முறை, பஞ்சம், நோய் என்று மடிந்த பொதுமக்கள் 2 லட்சம்வரை இருக்கலாம். ஸ்பெயினோடு நடந்த போரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பிலிப்பினோக்களோடு நடந்ததைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்?

[திரையில்: ஆரஞ்சுப் பெட்டிகள்]

ஸ்பெயின் ஆண்ட கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவும் அதே உடன்படிக்கையில் கைமாறியது. அங்கிருந்து நியூயார்க் வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கவரி விதித்தார்கள். எங்கள் தீவு அமெரிக்காதானே, உள்நாட்டுப் பழத்துக்கு ஏது சுங்கம் என்று வணிகர் வழக்குப் போட்டார். 1901இல் உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்றது. உள்நாட்டுக் கணக்கில் அது வெளிநாடு என்று ஒரு நீதிபதி விளக்கமும் எழுதினார். அந்தத் தீவில் வசிப்பவர்கள் இன்று அமெரிக்கக் குடிமக்கள். ஆனாலும் அதிபர் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை.