கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. அலுவலகத்தில் கணினி மக்கர் செய்தால் கூப்பிடுவார்களே, அந்த ஆள் நான். நிலையத்திலிருந்து பேசியவர், "எல்லாருக்கும் புரிகிற மாதிரி கணினி பற்றி ஏதாவது" என்று கேட்டார். கமாண்ட் லைன், அதாவது கணினிக்குக் கட்டளையை எழுத்தாகத் தட்டிக் கொடுப்பது பற்றிப் பேசட்டுமா என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, சினிமாவில் திருடர்கள் தட்டுவார்களே, அதுவா என்று கேட்டார். அதேதான். ஆனால் பயப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் தினமும் கமாண்ட் லைன் பேசுகிறீர்கள். காலையில் கோப்பிக்கடையில் நின்று "தே ஓ கொசோங் பெங்" என்கிறோம். தே என்பது வேண்டிய பொருள். ஓ என்றால் பால் வேண்டாம், கொசோங் என்றால் சீனி வேண்டாம், பெங் என்றால் ஐஸ். வெறும் "தே" என்று மட்டும் சொன்னால் இனிப்பான கெட்டிப்பால் கேட்காமலே வந்துவிடும். நமக்குப் பின்னால் நிற்பவருக்கு அவர் சொன்னபடி வரும். நாம் கொசோங் கேட்டதால் கடையில் சீனி நின்றுபோவதில்லை.

டெஸ்க்டாப்பில் ஐகானை இரண்டு தட்டு தட்டித் திறப்பது வெறும் "தே" மாதிரி. மென்பொருள் தனக்குப் பழகிய செட்டிங்ஸோடு வந்து நிற்கும். பெயரோடு கூட நாலு சொல் சேர்த்துக் கூப்பிட்டால், அந்த ஒரு தடவை மட்டும் நாம் கேட்டபடி வரும். மெனுவுக்குள் புகுந்து எதையாவது மாற்றிவிட்டு, அப்புறம் எங்கே மாற்றினோம் என்று தேடவும் வேண்டாம்.

ஒரு கோயில் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டூழியம் செய்கிறேன். அங்கே இருப்பது ஒரே கணினி, உட்காருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் நன்கொடைக் கணக்கு பார்ப்பவர், இன்னொருவர் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர். ஒருவருடைய மின்னஞ்சல் திறந்திருக்கும்போதே இன்னொருவர் வந்து அமர்வார். ஒரு நாள் அன்னதான ரசீது ஒன்று, ஏற்பாட்டாளரின் சொந்த முகவரியிலிருந்து போய்விட்டது. ரசீது கிடைத்தவர், இது மோசடியா என்று போன் செய்து கேட்டார். இந்தக் காலத்தில் அவரைக் குறை சொல்ல முடியுமா?

புதுக் கணினி வாங்க வேண்டும் என்றார்கள். வேண்டாம், இரண்டு ஷார்ட்கட் போதும் என்றேன். குரோம் பிரவுசரின் ஷார்ட்கட் மேல் வலது பக்கம் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால், டார்கெட் என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் மேற்கோள் குறிக்குள் குரோம் இருக்கும் இடம் எழுதியிருக்கும். அந்த மேற்கோள் குறி முடிந்த பிறகு ஓர் இடைவெளி, அப்புறம் இரண்டு ஹைஃபன், அதை ஒட்டி யூசர் ஹைஃபன் டேட்டா ஹைஃபன் டிர், சமக்குறி, கடைசியில் ஒரு ஃபோல்டரின் முகவரி. கணக்குக்கு ஒரு ஃபோல்டர், நிகழ்ச்சிக்கு ஒரு ஃபோல்டர். ஐகான் இரண்டு, உள்ளே இருப்பது ஒரே குரோம்தான். ஆனால் கடவுச்சொல், புக்மார்க், யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பதெல்லாம் தனித்தனி. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தும் வைக்கலாம்.

முதல் தடவை நானே தப்பாகத்தான் செய்தேன். கூடுதல் சொற்களை மேற்கோள் குறிக்கு உள்ளே எழுதிவிட்டேன். விண்டோஸ், டார்கெட் பெட்டியில் இருக்கும் பெயர் சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்லிவிட்டது. சொல்லாமல் ஏமாற்றுவதுதான் கொடுமை. ஏற்பாட்டாளர் அதே வரியைத் தன் வீட்டுக் கணினிக்கும் கேட்டார். அவசரத்தில் கைப்பேசிச் செய்தியாக அனுப்பினேன். கைப்பேசி, நான் போட்ட இரண்டு சின்னக் கோட்டையும் அழகு என்று நினைத்து ஒரே நீளக் கோடாக்கிவிட்டது. அவர் அதை அப்படியே காப்பி செய்து ஒட்டினார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, புது ஃபோல்டரும் வரவில்லை. பழைய மின்னஞ்சலே சிரித்துக்கொண்டு திறந்தது. "தம்பி, நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்" என்கிறார். இரண்டு நாள் சாயங்காலம் இதிலேயே போனது. கடைசியில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தபோதுதான் கோட்டின் நீளம் உறைத்தது. அதிலிருந்து கமாண்ட் எதையும் நான் செய்தியில் அனுப்புவதில்லை. போன் போட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவரையே தட்டச் சொல்கிறேன்.

இன்னொரு மர்மமும் உண்டு. குரோம் ஏற்கெனவே திறந்திருக்கும்போது கூடுதல் சொற்களோடு மறுபடி கூப்பிட்டால், பல சமயம் அவை எடுபடாது. ஓடிக்கொண்டிருப்பதிடமே வேலையைக் கொடுத்துவிட்டுப் புதிது ஒதுங்கிக்கொள்ளும். முழுக்க மூடிவிட்டுத் திறக்க வேண்டும், அல்லது தனி ஃபோல்டர் காட்ட வேண்டும்.

இந்தக் கோடு எல்லா இடத்திலும் ஹைஃபனாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். வேர்டு திறந்த உடனே விழுந்து விழுந்து மூடிக்கொள்கிறதா? விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்தி, வின்வேர்ட், இடைவெளி, சாய்கோடு, ஒட்டி சேஃப் என்று தட்டிப் பாருங்கள். வேர்டோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆட்-இன் எனும் துணை மென்பொருள்களை வாசலிலேயே விட்டுவிட்டுத் தனியாக வரும். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். இங்கே ஏன் சாய்கோடு? டாஸ் என்பது விண்டோஸுக்கு முன்னோடியான இயங்குதளம். 1981-இல் வந்த முதல் டாஸில் இந்த மாதிரிக் கூடுதல் சொற்களுக்குச் சாய்கோட்டை எடுத்துக்கொண்டார்கள். 1983-இல் டாஸ் 2 வந்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்க வழி பிறந்தபோது, முகவரி எழுத ஒரு கோடு வேண்டியிருந்தது. நல்ல சாய்கோடு ஏற்கெனவே போயாயிற்று. அதனால்தான் விண்டோஸ் முகவரிகளில் இன்றும் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. யூனிக்ஸ் என்ற இன்னொரு பழைய இயங்குதளத்தின் வழி வந்தவர்கள் ஹைஃபனோடு இருந்துவிட்டார்கள். ஓர் எழுத்துக்கு ஒரு ஹைஃபன், முழுச் சொல்லுக்கு இரண்டு என்ற வழக்கம் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தால் பரவியது.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருளின் பெயருக்குப் பின்னால் சொல்வது போல, முன்னாலும் சொல்லலாம். யூனிக்ஸ் பாணியில் வந்த லினக்ஸ் இயங்குதளத்தில் லாங்குவேஜ் சமக்குறி டிஏ என்று தட்டி, இடைவெளி விட்டு மென்பொருளின் பெயரைத் தட்டினால், தமிழ்ப் பொதி நிறுவியிருந்தால், அது மட்டும் தமிழில் வரும். மற்றவை ஆங்கிலத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கால்குலேட்டர் அப்படித்தான் திறக்கும். இதே மாதிரி டிஇசட் என்று இன்னொன்று உண்டு. எந்த ஊர் நேரம் என்பதைச் சொல்வது அது.

போன வருஷம் நண்பர் ஒருவர் இரண்டு ஜாதகத்தோடு வந்தார். இரண்டும் அவருடைய அக்காவுடையது. அக்கா சிங்கப்பூரில் பிறந்தவர், 1979 மே 10, காலை 7 மணி. பாட்டியின் பழைய நோட்டில் ரிஷப லக்னம் என்று இருக்கிறது. கைப்பேசியில் ஒரு ஜோதிடச் செயலி போட்டுக் கொடுத்ததில் மேஷ லக்னம். எது சரி அண்ணே, கணினி தப்பு செய்யுமா என்று கேட்டார். எனக்கு ஜோதிடம் தெரியாது. ஆனால் செயலியில் ஒரு மூலையில் நேர மண்டலம் 8 மணி என்று போட்டிருந்தது கண்ணில் பட்டது.

என் மடிக்கணினியைத் திறந்தேன். டிஇசட் சமக்குறி ஏசியா சாய்கோடு சிங்கப்பூர், இடைவெளி, டேட், இடைவெளி, ஹைஃபன் டி, அப்புறம் மேற்கோள் குறிக்குள் அந்தத் தேதியும் நேரமும். என்டர். வந்த வரியில் வியாழக்கிழமை என்று இருந்தது. "அக்கா பிறந்தது வியாழன்தான்" என்றார் நண்பர். அதே வரியில் இன்னொன்றும் இருந்தது: பிளஸ் 0730. அதாவது கிரீன்விச்சுக்கு 7 மணி 30 நிமிடம் முன்னால். எட்டு இல்லை.

நம் ஊரில் வயதானவர்களுக்கு இது நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11:30 மணிக்குக் கடிகாரத்தை நேராக 12 மணிக்குத் தள்ளிவைத்தோம். மலேசியா தன் நேரத்தை மாற்றியது, நாமும் கூடவே மாறினோம். அதற்கு முன் சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் வித்தியாசம் சரியாக 2 மணி நேரம். இப்போதுதான் இரண்டரை. இந்த வரலாறு முழுக்கக் கணினிக்குள் ஒரு பட்டியலாக இருக்கிறது. ஆண்டை 1943 என்று மாற்றிக் கேட்டேன். பிளஸ் 09 என்று வந்தது, அதாவது 9 மணி நேரம் முன்னால். ஜப்பானியர் காலத்தில் இங்கே கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு ஓடியது. பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் நான் தட்டிய ஒரு வரிக்குப் பதிலாக அது வந்து நின்றபோது, நண்பரும் நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கணினியின் கடிகாரம் இதில் எதற்கும் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். மூலையில் அன்றைய சிங்கப்பூர் நேரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1979-ம் 1943-ம் அந்த ஒரு வரிக்கு மட்டும்தான்.

செயலியில் எட்டை எடுத்துவிட்டு ஏழரை என்று போட்டோம். ரிஷப லக்னம். பாட்டி எழுதியது எழுதியபடி. நண்பருக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், "அப்போ இத்தனை வருஷமா அக்கா மேஷ லக்னத்துக்குப் பரிகாரம் செஞ்சாங்களே, அதை என்ன பண்றது?" என்று கேட்டார்.

அதற்கு என்ன ஆப்ஷன் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மடிக்கணினியை மூடிவிட்டேன். வணக்கம்.