குவாரிச் சாலையில் ஒரு பக்கம் மட்டும் ஏன் நொறுங்குகிறது?

[திரையில்: மேலிருந்து எடுத்த இருவழிச் சாலை. ஒரு தடம் வழுவழுப்பாக, மறு தடம் குழிகளோடு.]

கல்குவாரிக்குப் போகும் சாலையை ஓரமாக நின்று ஒருமுறை பாருங்கள். பல இடங்களில் உள்ளே போகும் தடம் ஓரளவு நன்றாகவே இருக்கும். வெளியே வரும் தடம் மட்டும் விரிசல் விட்டு, சக்கரம் ஓடும் இடம் பள்ளமாகி, குழி விழுந்து கிடக்கும். இரண்டு தடத்துக்கும் ஒரே தார், ஒரே ஜல்லி, ஒரே மழை. உள்ளே போன அதே லாரிகள்தான் வெளியே வருகின்றன, எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை. அப்புறம் ஏன் ஒரு தடத்துக்கு மட்டும் இந்தக் கதி?

போகும்போது லாரி காலி, வரும்போது லோடு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த லோடு செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்பது பலருக்கும் தெரியாது.

முதலில் பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். கல் எடை அதிகம், விலை குறைவு. தூரம் கூடக் கூட, கல்லின் விலையை விட ஏற்றிப்போகும் செலவு பெரிதாகிவிடும். அதனால் கட்டுமான வேலை நடக்கும் இடங்களுக்குப் பக்கத்திலேயே குவாரிகள் வருகின்றன. குவாரி வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை இருப்பதோ, இலகுவான வண்டிகளை நினைத்துப் போட்ட கிராமச் சாலை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம்.

[திரையில்: 1958–1960, இல்லினாய்ஸ்]

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், சாலைகளை உடைத்துப் பார்ப்பதற்காகவே சாலைகளைப் போட்டார்கள். இதற்கு ஆஷோ சாலைச் சோதனை என்று பெயர். ஆஷோ என்பது அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கத்தின் சுருக்கப் பெயர். மொத்தம் ஆறு சுற்றுப்பாதைகள். தடிமன் மாற்றி மாற்றி, தார், கான்கிரீட் இரண்டிலும் போட்டு, ஒவ்வொரு தடத்திலும் வேறு வேறு எடையுள்ள வண்டிகளை ஓடவிட்டார்கள். ஓட்டியவர்கள் ராணுவ வீரர்கள். ஒரு பாதையில் மட்டும் போக்குவரத்தே விடவில்லை, வெயிலும் மழையும் மட்டும் என்ன செய்கின்றன என்று தனியாகப் பார்ப்பதற்காக! சோதனை முடிவதற்குள், வண்டி ஓடிய ஒவ்வொரு தடத்திலும் 11 லட்சம் முறைக்கு மேல் அச்சுகள், அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டுகள், உருண்டிருந்தன.

அதிலிருந்து கிடைத்ததுதான் நான்காம் அடுக்கு விதி. ஒரு அச்சின் மீது இருக்கும் எடை இரண்டு மடங்கானால், சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு ஆகாது. இரண்டை நான்கு முறை பெருக்குங்கள், 16 மடங்கு! சாலையின் வகையைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் போக்கு இதுதான். சக்கரம் போகும் ஒவ்வொரு முறையும் தார் அடுக்கு கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான். லேசாக வளைத்தால் வெகுகாலம் தாங்கும், ஆழமாக வளைத்தால் சீக்கிரம் ஒடியும்.

இதைக் குவாரி லாரிக்குப் போட்டுப் பார்ப்போம். காலி லாரியின் பின் அச்சில் 3 டன், லோடு ஏறியதும் 9 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை மூன்று மடங்கு, சேதமோ 81 மடங்கு. காரின் ஒரு அச்சில் முக்கால் டன் என்றால், அந்த 9 டன் அச்சு ஒருமுறை உருள்வது, கார் அச்சு 20,000 முறைக்கு மேல் உருள்வதற்குச் சமம்.

"லோடு கூட ஏற்றினால் நடை குறையும், சாலைக்கு நல்லதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். போட்டுப் பார்த்துவிடலாம். லோடு 20 சதவீதம் கூடினால் 60 நடை 50 நடையாகக் குறையும். ஆனால் 9 டன் அச்சு 10.2 டன்னாகிவிடும், ஒரு நடையின் சேதம் சுமார் 1.65 மடங்கு. அதாவது 60 பங்கு சேதம் நடந்த இடத்தில் 82 பங்கு நடக்கும். நடை குறைந்தும் சாலை நஷ்டப்படுகிறது. இதையே திருப்பிப் போட்டால் நல்ல செய்தி. அதே எடையை ஒரு அச்சுக்குப் பதில் இரண்டு அச்சில் பிரித்தால், சேதம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அதனால் லாரிகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள், அச்சு எடையையும் கேளுங்கள்.

[திரையில்: குவாரிச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் சந்திப்பு]

நெரிசலுக்கு வருவோம். ஒரு குவாரி நாளைக்கு 1,000 டன் அனுப்புகிறது, லாரிக்கு 20 டன் என்றால் 50 லோடு. ஆனால் சாலையில் ஓடுவது 100 நடை. போவதையும் வருவதையும் சேர்த்துத்தானே எண்ண வேண்டும்? பத்து மணி நேரத்தில் 100 நடை என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு லாரி. காலையில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பினால் அந்த இடைவெளியும் இருக்காது.

அந்த லாரி நெடுஞ்சாலையில் ஏறும் நொடிகள்தான் ஆபத்தானவை. இருவழிச் சாலையில் நின்று கிளம்பி, முன்னால் இருக்கும் தடத்தைக் கடந்து எதிர்த்தடத்தில் சேர எவ்வளவு இடைவெளி வேண்டும்? அமெரிக்க நெடுஞ்சாலை வடிவமைப்பு வழிகாட்டியின்படி காருக்கு 7.5 நொடி, லாரிக்கு 9.5, ட்ரெய்லருக்கு 11.5. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 9.5 நொடியில் 210 மீட்டர் தாண்டிவிடும். அவ்வளவு தூரம் பார்வைக்குத் தெரியாத வளைவில் குவாரி வாசலை வைத்தால், டிரைவர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை. ஏறிய பிறகும் லாரி வேகம் பிடிக்க நேரமாகும். ஏற்றம் வந்தால் இன்னும் மெதுவாகும். பின்னால் வரிசை சேரும், பொறுமை இழந்த ஒருவர் எதிர்த்தடத்தில் தாண்டப் பார்ப்பார்.

சிந்தும் ஜல்லியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபமே வந்துவிடும். வளைவில் சிதறிக் கிடக்கும் கைப்பிடி ஜல்லி போதும், பைக் ஓட்டுபவரைக் கீழே தள்ளிவிட. இறுக்கிக் கட்டிய தார்ப்பாயும், வாசலில் சக்கரம் கழுவும் தொட்டியும் இதைப் பெரிய அளவில் குறைக்கும்.

ஓவர்லோடை நெடுஞ்சாலையில் மறித்துப் பிடிப்பதை விட, லோடு ஏறும் இடத்திலேயே தடுப்பதுதான் சரி என்பது என் கருத்து. குவாரி வாசலிலேயே எடைமேடை இருக்கட்டும். அனுமதித்த எடைக்கு மேல் காட்டினால் லாரி அங்கேயே இறக்கிவிட்டுப் போகட்டும். டன் கணக்கிலும் நடைக் கணக்கிலும் கூலி தருகிற வரைக்கும், வேகத்துக்கும் ஓவர்லோடுக்கும் டிரைவரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

உங்கள் பகுதியில் புதிய குவாரிக்கு அனுமதி தருவது பற்றிக் கருத்துக் கேட்டால், நான்கு கேள்விகளை எழுதிக் கொடுங்கள். ஒரு அச்சுக்கு எத்தனை டன்? எந்தச் சாலை வழியாக? பள்ளி தொடங்கும், முடியும் நேரத்தில் லாரி ஓடுமா? சாலையைப் பழுதுபார்க்கும் செலவு யாருடையது? கிடைத்த பதிலைக் கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன்.