‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றவர்கள் ஏன் சொல்லி அனுப்புவதில்லை?

[திரையில்: ஒரு கைப்பேசி. வாட்ஸ்அப் உரையாடல். கடைசிச் செய்தியின் ஓரத்தில் இரண்டு நீல டிக்குகள்.]

வணக்கம். வேலை தேடி அலைந்த எவருக்கும் இந்தத் திரை பழக்கமானதுதான். “மேடம், போன செவ்வாய்க்கிழமை நடந்த மூன்றாவது ரவுண்டு பற்றி ஏதாவது தகவல் உண்டா?” என்று கேட்டிருக்கிறோம். படித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக நீல டிக் விழுந்திருக்கிறது. அதற்கு மேல் எதுவும் இல்லை. இந்த மௌனம் எங்கே உண்டாகிறது, அதில் யாருக்கு ஆதாயம், அதில் சிக்கியவர் என்ன செய்யலாம் என்று இந்த வீடியோவில் பார்ப்போம். சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஐ.டி. வேலை தேடுபவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தபோது கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் ஒரு கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்தது. இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பேச முடியாது என்பதால், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையிலுள்ள படிக்கட்டில் நின்று, யாராவது ஏறி வருகிறார்களா என்று கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே பேசினேன். முதல் ரவுண்டு தொலைபேசியில் நடந்தது, இரண்டாவது வீடியோவில் நடந்தது, மூன்றாவதற்குக் காய்ச்சல் என்று விடுப்பு சொல்லிவிட்டுச் சிறுசேரி வரை நேரில் போனேன். மேலாளர் எழுந்து நின்று கைகுலுக்கினார். மறுநாள் ஹெச்.ஆர். அழைத்து, இப்போதைய சி.டி.சி. (கம்பெனி ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) எவ்வளவு, எதிர்பார்ப்பு எவ்வளவு, ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டு, மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் வருமான வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐயும் மெயிலில் வாங்கிக்கொண்டார். “இரண்டு மூன்று நாளில் சொல்லி அனுப்புகிறோம்” என்றார்.

அதன் பிறகு ஏழு வாரங்கள் ஒரு சொல் வரவில்லை. அழைத்தால் மணி அடித்து ஓய்ந்தது. நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அந்தக் கம்பெனியில் ஏதாவது சொன்னார்களா?” என்று அம்மா கேட்பார். பத்து நாளைக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். தினமும் கேட்டதைவிட அதுதான் அதிகமாக வலித்தது. இடையில் வந்த வேறோர் அழைப்பைக்கூட, அந்த இடத்தின் முடிவு தெரியட்டும் என்று நானே தள்ளிப்போட்டேன். ‘இல்லை’ என்று அன்றே சொல்லியிருந்தால் ஒரு நாள் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பார்த்திருப்பேன்.

[திரையில்: மூன்று பெட்டிகள் – வேலை தேடுபவர், கன்சல்டன்சி, கம்பெனி. கம்பெனியிலிருந்து கன்சல்டன்சிக்கு மட்டும் ஒரு அம்புக்குறி, அதன் மேல் ரூபாய்க் குறி.]

நம்மை அழைப்பவர் பெரும்பாலும் வேலை தரும் கம்பெனியின் ஆளே அல்ல என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கன்சல்டன்சிக்குப் பணம் தருவது கம்பெனி. தேர்வானவரின் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தியாவில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கணக்கு. வேலையைப் பொறுத்து அது கூடவும் குறையவும் செய்யும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சம்பளத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்கு ஏறக்குறைய 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்த நபர் பணியில் சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும். சில மாதங்களுக்குள் அவர் விலகிவிட்டால், மாற்று ஆளைக் கட்டணமில்லாமல் தேடித் தர வேண்டியிருக்கும். ஆக, சேர்ந்த ஒருவரால் மட்டுமே வருமானம். அதே இடத்துக்கு வந்துபோன மற்றவர்களுக்குப் பதில் சொல்வதற்குச் செலவாகும் நேரத்துக்கு அந்தத் தொழிலில் எவரும் ஒரு பைசாகூடத் தருவதில்லை.

இதன் மேல் இன்னொரு நெருக்கடியும் உண்டு. ஒரே காலியிடத்தைக் கம்பெனி பல கன்சல்டன்சிகளிடம் ஒரே நேரத்தில் கொடுக்கும். ஒருவருடைய ரெஸ்யூமேயை யார் முதலில் கம்பெனியின் மென்பொருளில் ஏற்றுகிறார்களோ, அந்த நபர் அவர்கள் கணக்கில் சேர்ந்துவிடுவார். அடுத்த சில மாதங்களுக்கு வேறொரு கன்சல்டன்சி அவரை அதே கம்பெனிக்கு அனுப்பினால் ‘ஏற்கெனவே வந்தவர்’ என்று திருப்பி விடுவார்கள். “சார், அஞ்சு நிமிஷத்துல அப்டேட்டட் ரெஸ்யூமே அனுப்புங்க” என்று அழைப்பவர் பறப்பது இதனால்தான். அவருடைய அவசரம் அந்த ஏற்றுதலோடு முடிந்துவிடுகிறது, நம்முடையது அங்கேதான் தொடங்குகிறது.

தியாகராய நகரில் ஒரு கன்சல்டன்சியில் வேலை பார்த்த பெண் ஒருவரிடம் பிற்பாடு இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். அவருக்கும் தினக் கணக்கு இருந்தது: இத்தனை அழைப்புகள், இத்தனை ப்ரொஃபைல்கள். மாலையில் குழுத் தலைவர் கேட்பது அந்த எண்ணிக்கையைத்தான். எத்தனை பேருக்குப் பதில் சொன்னாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. “கம்பெனி ஹெச்.ஆர். எனக்கே பதில் போடுவதில்லை. தெரியாது, தெரியாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? கடைசியில் போனை எடுப்பதையே விட்டுவிட்டேன்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால், ‘எனக்கும் தகவல் வரவில்லை, வந்தால் சொல்கிறேன்’ என்ற ஒரு வரியாவது எதிர்முனையில் இருப்பவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

சரி, கம்பெனி ஏன் வாய் திறப்பதில்லை? இதற்கான விடை நம் நோட்டீஸ் பீரியடிலேயே இருக்கிறது.

[திரையில்: நாள்காட்டி. 90 நாட்கள் ஒவ்வொன்றாக அடிக்கப்படுகின்றன.]

இந்திய ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்பது பரவலான வழக்கம். இன்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஆஃபர் லெட்டர் கொடுத்தால், அவர் பழைய கம்பெனியில் விடுவிப்புக் கடிதமான ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு வந்து சேர மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்தில் அவர் கையிலிருக்கும் ஆஃபரைக் காட்டி வேறிடத்தில் கூடுதல் சம்பளம் கேட்கலாம். பழைய கம்பெனியே சம்பளத்தை உயர்த்தி நிறுத்திக்கொள்ளலாம். சேர வேண்டிய திங்கட்கிழமை காலையில் கைப்பேசியை அணைத்துவிடவும் செய்யலாம். இப்படி வராமல் போனவர்களால் சூடுபட்ட கம்பெனிகள், முதலாமவர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை இரண்டாமவரிடமும் மூன்றாமவரிடமும் ‘இல்லை’ என்று சொல்லத் துணிவதில்லை. சொல்லிவிட்டால் அவர்கள் வேறிடம் போய்விடுவார்கள் அல்லவா? அதனால் அவர்கள் பெயருக்கு நேராக ‘ஹோல்ட்’ என்று குறித்து வைத்துவிட்டு, ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஆஃபரை வாங்கிக்கொண்டு சொல்லாமல் மறைந்துபோகிற நம்மவர்களுக்கும் இந்த மௌனத்தில் பங்கு இருக்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. இன்னும் கைக்கு வராத ப்ராஜெக்டுக்காக முன்கூட்டியே ஆட்களைப் பேட்டி கண்டு வைத்திருப்பார்கள், ப்ராஜெக்ட் வராமல் போயிருக்கும். கம்பெனிக்குள்ளேயே ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்த ஒருவரையே அந்த இடத்தில் போட்டிருப்பார்கள். காலாண்டு முடிவில் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருப்பார்கள். ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களுக்குக்கூட இது நடந்திருக்கிறது. 2022-ல் வளாக நேர்காணலில் தேர்வான பட்டதாரிகளில் பலர், சேரும் தேதி எப்போது என்ற ஒரு மெயிலுக்காக ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள்.

‘ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் வருகின்றன, எல்லோருக்கும் எப்படிப் பதில் சொல்வது?’ என்று கம்பெனிகள் கேட்பதுண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, அழைப்புக் கடிதத்துக்காகத் தபால்காரரைப் பார்த்திருந்த தலைமுறையிடம் இதைச் சொன்னால் பொருள் இருந்தது. 1997-ல் நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் வந்த பிறகு ஒரு பட்டனை அழுத்தினாலே விண்ணப்பம் போய்விடுகிறது என்பதும், அதனால் விண்ணப்பங்கள் மலைபோல் குவிகின்றன என்பதும் உண்மைதான். ஆனால் விண்ணப்பித்தவர் வேறு, மூன்று ரவுண்டு வந்து போனவர் வேறு. மூன்றாவது ரவுண்டுவரை வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேலும், இன்று ஆள் எடுக்கப் பயன்படும் மென்பொருள்களில், தேர்வாகாதவர்கள் அனைவரையும் ஒன்றாகக் குறித்து ஒரே மெயிலை அனுப்பும் வசதி இருக்கிறது. நேரமில்லை என்ற சமாதானத்தை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

[திரையில்: கனடாவின் வரைபடம். ஒன்டாரியோ மாகாணம் நிறமேறுகிறது.]

தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரொன்டோ நகரம் அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு ஒரு சட்டமே வந்திருக்கிறது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த ஒரு வேலைக்கு யாரையாவது நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள், அந்த வேலைக்கு ஆள் எடுப்பது பற்றி முடிவாகிவிட்டதா இல்லையா என்பதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். விளம்பரம் உண்மையான காலியிடத்துக்கானதா என்பதையும் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவிலோ, 1959-ல் இயற்றிய சட்டம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தியது. நேர்காணலுக்கு வந்தவரிடம் முடிவைச் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. காலியிடத்தைத் தெரிவிப்பது கடமை என்று அன்றே எழுத முடிந்த நாட்டில், முடிவைத் தெரிவிப்பதையும் கடமையாக்க முடியும் என்றே நான் நம்புகிறேன்.

அதுவரை நாம் என்ன செய்வது?

முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்: நீங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறீர்களா, கன்சல்டன்சியிலிருந்தா? எந்தக் கம்பெனி? இது புதிய இடமா, விலகியவருக்கு மாற்றா? எத்தனை ரவுண்டு? கம்பெனியின் பெயரைச் சொல்ல மறுப்பவருக்கு ரெஸ்யூமேயை அனுப்ப வேண்டாம். எந்தக் கம்பெனிக்கு, எந்த வேலைக்கு அனுப்பச் சம்மதிக்கிறீர்கள் என்பதை மெயிலில் எழுதியே கொடுங்கள், நாளைக்கு வேறொருவர் வழியாகவோ நண்பரின் பரிந்துரையிலோ அதே கதவைத் தட்ட முடியாமல் போய்விடக் கூடாது. சம்பளச் சீட்டு, பான், ஆதார் எல்லாம் ஆஃபர் பற்றிய பேச்சு உறுதியான பிறகு போதும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல் முடிந்து எழும்போது, முடிவு எந்தத் தேதிக்குள் தெரியும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறிப்பிட்டு அன்று மாலையே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். தேதி கடந்ததும் ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால், உங்கள் நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்த அழைப்பை எடுங்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்ய வேண்டாம், எவர் வாய்வார்த்தையாக எவ்வளவு உறுதி சொன்னாலும்.

எனக்கு ஏழாவது வாரத்தின் முடிவில் ஓர் அழைப்பு வந்தது. அதே கன்சல்டன்சி, வேறு குரல், அதே கம்பெனி, அதே வேலை. “சார், ஜாப் சேஞ்சுக்குப் பார்க்கறீங்களா?” என்றார் அந்தப் பெண். நான் ஏற்கெனவே மூன்று ரவுண்டு முடித்தவன் என்று சொன்னபோது, அவர் சற்று நேரம் எதையோ தட்டிப் பார்த்தார். “உங்க பேருக்கு நேரா ‘ஹோல்ட்’னு இருக்கு சார். நான் போன வாரம்தான் இங்க சேர்ந்தேன், எனக்குத் தெரியாது” என்றார். அந்த இடம் எனக்கு உண்டா இல்லையா என்று கம்பெனியிடம் கேட்டு ஒரே ஒரு மெயில் மட்டும் போடும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பிற்பகல் இரண்டு வரி வந்தது: வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், தாமதத்துக்கு வருந்துகிறோம். படிக்கட்டில் நின்று அதை இரண்டு முறை படித்தேன். அன்று மாலை செருப்பைக் கழற்றும்போது, அம்மா கேட்காமலே நானே சொன்னேன்.