சன்சோக் கிழங்கு: வயிறு ஊதாம ஒரு கூனிப் பிரட்டல்

[திரையில: ஸ்கார்பரோவில ஒரு கிச்சின் மேசை, கிழங்கு கிட்டவா]

வணக்கம் மக்களே, இண்டைக்கு படம் கனடாவில, குரல் மட்டும் திருகோணமலையில. எங்கட அக்கா தன்ட கிச்சினில எடுத்து அனுப்பின வீடியோவுக்கு நான் உப்புவெளியில இருந்து கதைக்கிறன், இடையில மீன்காரற்ற ஹோர்ன் கேட்டா கண்டுகொள்ளாதேங்கோ.

இந்தா, இதுதான் சன்சோக். இஞ்சி மாதிரி முண்டும் முடிச்சுமா இருக்கும், சில கடையில ஜெருசலேம் ஆர்டிசோக் எண்டு எழுதிப் போட்டிருப்பாங்கள், ரெண்டும் ஒண்டுதான். சூரியகாந்திக் குடும்பம், செடி ஆளை விட உயரமா வளந்து மஞ்சளாப் பூக்கும். சொந்த இடம் வட அமெரிக்கா. அங்கத்தைய பழங்குடி மக்கள் இதைப் பயிரிடுறதை 1605ல பிரெஞ்சுக்காரர் சாம்ப்ளேன் கண்டு எழுதினார், பிறகு கிழங்கு கப்பலேறி பிரான்சுக்குப் போச்சு. ரெண்டாம் உலகப் போர் நேரம் உருளைக்கிழங்கை ஜெர்மன்காரர் அள்ளிக்கொண்டு போக அங்கத்தைய சனம் இதைத்தான் சாப்பிட்டு நாளைக் கழிச்சது, அதால அந்தக் காலத்து ஆக்கள் கனபேருக்கு பிறகு இதைக் கண்டாலே பிடிக்காது.

பிடிக்காததுக்கு வயிறும் ஒரு காரணம். உருளைக்கிழங்கில இருக்கிறது மாச்சத்து, இதில இருக்கிறது இனுலின். எங்கட சிறுகுடலால இனுலினை உடைக்க ஏலாது, அப்பிடியே பெருங்குடலுக்கு இறங்கி அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கு விருந்தாப் போகும், அதுகள் திண்டு திண்டு வாயு விடும். அக்கா முதல் தரம் உருளைக்கிழங்குப் பால்கறி வைக்கிற மாதிரியே வைச்சு அத்தானுக்கு ரெண்டு அகப்பை போட்டிட்டா. அண்டைக்கு இரவு அந்த வீட்டில ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்ல எண்டு மட்டும் சொல்லுறன்.

[திரையில: தேசிக்காய் பிழியுற கை]

அதுக்குத்தான் இந்தத் தேசிக்காய். உருளைக்கிழங்குக் கறியை நாங்க இறக்கிப் போட்டுத்தானே தேசிப்புளி விடுறது, இதில தலைகீழ், புளிதான் முதல்ல. அரைக் கிலோ கிழங்கை பிரஷ் போட்டு வடிவாத் தேய்ச்சுக் கழுவுங்கோ, தோல் சீவத் தேவையில்லை, முண்டுகளை உடைச்சு எடுத்தா இடுக்கில நிக்கிற மண் போயிடும். பிறகு கால் அங்குல மொத்தத்தில வட்டமா வெட்டி வெட்டி உடனயே தேசிப்புளி விட்ட தண்ணிக்குள்ள போடுங்கோ, வெளியில வைச்சா கறுத்துப் போகும். அதே தண்ணியோட அடுப்பில வைச்சு ஒரு 15 நிமிசம் கொதிக்க விடுங்கோ. புளியோட கொதிக்கேக்க இனுலினில ஒரு பங்கு உடைஞ்சு சீனியா மாறும், இன்னொரு பங்கு தண்ணியில கரையும், அதால அந்தத் தண்ணியை யோசிக்காம ஊத்திப் போடுங்கோ. முழுசாப் போகாது, குறையும். இன்னொரு நன்மை, புளி பட்ட கிழங்கு குழையாது, பிரட்டலுக்கு அதுதான் வேணும்.

இப்ப கூனி, அதுதான் காய வைச்ச சின்ன இறால். ஊரில இருந்து போன கூனியை அக்கா மூண்டு பையில சுத்தி ஃப்ரீசருக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறா. எண்ணெய் விடாம வெறும் தாச்சியில, சின்ன நெருப்பில வறுங்கோ, கையில எடுத்து நசிச்சா நொறுங்கோணும், அதுதான் பதம். கனடாக்காரர் ஜன்னலைத் திறந்து வைச்சிட்டு வறுங்கோ, ஸ்மோக் அலாரம் அடிச்சா கூனி மணத்துக்கு என்ன விளக்கம் சொல்லுறது.

[திரையில: தாச்சியில தாளிதம்]

பிறகு எல்லாம் தெரிஞ்ச வேலைதான். கடுகு, பெருஞ்சீரகம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் சிவந்தவுடன வறுத்த கறித்தூள், அதோட கிழங்கைக் கொட்டி அரைக் கோப்பை கப்பிப்பால், அதுதான் தண்ணியான தேங்காய்ப்பால், விட்டு வத்த விடுங்கோ. உப்பைப் பாத்துப் போடுங்கோ, கூனியிலயும் உப்பு இருக்கு. முதல் பிழியிற கட்டியான தலைப்பால் விடாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், கிழங்கே இனிப்பு, பாலும் சேந்தா திகட்டும், உறைப்பும் கூனியும்தான் இதுக்குச் சரி. இறக்கிறதுக்கு முன்னம் கூனியைத் தூவி ஒரு பிரட்டு. புட்டோட நல்லாப் போகும்.

முதல் தரம் சாப்பிடுறவை நாலஞ்சு துண்டோட நிப்பாட்டுங்கோ, வயிறு பழகட்டும். ஏற்கனவே குடல் வருத்தம் உள்ளவை டொக்டரைக் கேட்டிட்டுத் தொடுங்கோ. சிப்ஸ் பொரிக்கலாமோ எண்டு கேப்பீங்கள், பொரிக்கலாம், ஆனா கெதியாச் சிவந்து கருகும், பக்கத்திலயே நிக்கோணும், புளியில அவிக்காததால வாயு வேலையும் கூட.

திருகோணமலைச் சந்தையில சன்சோக்கைத் தேடி அலையாதேங்கோ. இங்க இன்னலைக் கிழங்கு வந்தா வாங்கி இதே பிரட்டல் வைக்கலாம், அது மாச்சத்துக் கிழங்கு, அதுக்கு இந்தப் புளி அவியல் ஒண்டும் வேண்டாம், சாதாரணமா அவிச்சாப் போதும்.

கனடாவில வாங்கிறவை அமத்திப் பாத்து இறுக்கமானதா எடுங்கோ, தோல் மெல்லிசு, வெளியில கிடந்தா சுருங்கிப் போகும், பையில போட்டு ஃப்ரிட்ஜில வையுங்கோ. மிஞ்சினதை நடுற ஆசை இருந்தா பெரிய சாடிக்குள்ள நடுங்கோ. நிலத்தில நட்டா, கிண்டி எடுக்கேக்க விட்டுப்போன சின்னத் துண்டும் அடுத்த வருசம் முளைக்கும், பிறகு பக்கத்து வீட்டுக்காரரோட நீங்கதான் கதைச்சுத் தீக்கோணும்.